வெப் டெவலப்பர்: தொழில் நுழைவு

வெப் டெவலப்பர், அதாவது வலை உருவாக்குநர், இணையதளங்களையும் பிரவுசரில் இயங்கும் செயலிகளையும் நிரல் எழுதி உருவாக்கிப் பராமரிப்பவர். கண்ணுக்குத் தெரியும் பகுதியைச் செய்பவரை ஃபிரன்ட்எண்ட் டெவலப்பர் என்றும், சர்வரையும் தரவுத்தளத்தையும் கவனிப்பவரை பேக்எண்ட் டெவலப்பர் என்றும், இரண்டையும் செய்பவரை ஃபுல்ஸ்டேக் டெவலப்பர் என்றும் துறையில் அழைக்கிறார்கள். புதியவருக்கு முதலாவதே எளிய வாசல். எழுதிய வரி என்ன செய்கிறது என்பதை அடுத்த நொடியே திரையில் பார்த்துவிடலாம்.

இந்தத் தொழிலைக் கற்கப் பெரும் பணம் தேவைப்படாததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வலையை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதைக் கட்டணமின்றி உலகுக்குத் திறந்துவிட்டது. எந்தப் பக்கத்தின் மூலநிரலையும் யாரும் பிரவுசரிலேயே படிக்க முடிந்தது. தொடக்க கால டெவலப்பர்களில் பலர் அப்படிப் பிறர் பக்கங்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றார்கள். இன்று பெரிய தளங்களின் நிரல் சுருக்கப்பட்டு வருவதால் படிக்க எளிதாக இல்லை. மோசில்லாவின் எம்டிஎன் ஆவணங்களும் 2014-இல் தொடங்கிய ஃபிரீகோட்கேம்ப் பாடங்களும் அந்தக் குறையைப் பெருமளவு போக்குகின்றன. இரண்டும் இலவசம்.

அடிப்படை மூன்று: பக்கத்தின் கட்டமைப்புக்கு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரத்தின் தழும்புகள் மொழியில் இன்னும் இருக்கின்றன. புதியவர்கள் பலர் இந்த மூன்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நேரே ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிக்குத் தாவுகிறார்கள். அது தவறான வரிசை. 2006-இல் வந்த ஜேகுவெரி என்ற கருவி ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. 2013-இல் வெளியான ரியாக்ட் இன்று அப்படி இருக்கிறது. கருவிகள் இப்படி மாறிக்கொண்டேயிருக்க, அடியிலுள்ள மூன்றும் நிற்கின்றன. இவற்றோடு, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியும் பழகியிருக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய அது இல்லாமல் குழுவில் வேலை செய்வது கடினம்.

தமிழில் தளம் செய்பவர் ஆங்கிலப் பாடங்களில் அரிதாகவே பேசப்படும் ஒரு சிக்கலைத் தொடக்கத்திலேயே சந்திப்பார். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்கிறது. நாம் எண்ணினால் 3. யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதே காரணம். ‘கிருஷ்ணமூர்த்தி’ நமக்கு 8 எழுத்து, கணினிக்கு 15. பெயர்க் கட்டத்துக்கு 10 என்று வரம்பு வைத்தால் அவர் ‘கிருஷ்ணமூர’ என்று நின்றுபோவார். தன் பெயரையே முழுதாக எழுத விடாத படிவம் ஒரு மனிதரை வாசலில் நிறுத்துவதற்குச் சமம். இதைக் கவனித்துத் திருத்தத் தெரிந்த புதியவர் உண்மையில் வேலை கற்றவர்.

வேலைக்கு வரும் வழிகள் பல. பொறியியல், பிசிஏ, கணினி அறிவியல் பட்டதாரிகள் கல்லூரி வளாகத் தேர்வு வழியே வருவது வழக்கமான பாதை. பட்டமில்லாத பாதைக்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்று ஜோஹோ நிறுவனத்தின் பள்ளி. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது.

எந்தப் பாதையில் வந்தாலும் நேர்காணலில் கைகொடுப்பது செய்து காட்டிய பிராஜெக்ட். கால்குலேட்டரும் செய்ய வேண்டியவற்றின் பட்டியலும் பாடத்தைப் பார்த்து எல்லோரும் செய்பவை. ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலையோ தெரிந்தவர் கடைக்கு ஆர்டர் எடுக்கும் பக்கத்தையோ செய்து, நான்கு பேர் அதைப் பயன்படுத்தினால் கதையே வேறு. மலிவான போனில் ஏன் மெதுவாகத் திறந்தது, அதை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்ல விஷயம் இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த நிரலாக இருந்தாலும், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டும்.

முதல் வேலையில் பெரும்பாலும் புதிதாக எதையும் கட்டத் தரமாட்டார்கள். வேறு யாரோ எழுதிய நிரலில் உள்ள பிழையைத் தேடித் திருத்துவதே முதல் மாதங்களின் வேலை. எழுதுவதைவிட வாசிக்கும் நேரம் அதிகம்.

ஃபிரீலான்ஸாகத் தொடங்குபவர் வேலையின் எல்லையையும் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கி, முன்பணம் பெற்றுக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும். டொமைன் பெயரை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவுசெய்வது முறை. டெவலப்பரின் கணக்கில் பதிவானால், ஆண்டுப் புதுப்பிப்பு தவறும்போது வாடிக்கையாளர் தன் தளத்தையும் அதோடு சேர்ந்த மின்னஞ்சலையும் ஒருசேர இழப்பார்.