கணிப்பு வடிவியல் மாநாட்டுப் பயிலரங்குகள்

புள்ளி, கோடு, பலகோணம் பற்றிய கணக்குகளைக் கணினியில் விரைந்து தீர்க்கும் வழிகளை ஆராய்வது கணிப்பு வடிவியல். இத்துறையின் தலையாய ஆண்டுக் கருத்தரங்கு 1985இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கியது. பல்லாண்டுகள் ஏசிஎம் என்னும் கணினியியலாளர் அமைப்பின் ஆதரவில் நடந்தது. 2015 முதல் ஆய்வாளர்களே தனித்து நடத்துகின்றனர். கட்டுரைத் தொகுப்பை இப்போது எவரும் இலவசமாகப் படிக்கலாம். இது பெரிய நன்மை.

கருத்தரங்கும் அதையொட்டிய பயிலரங்குகளும் சேர்ந்து ‘கணிப்பு வடிவியல் வாரம்’ எனப்படுகின்றன. கருத்தரங்கில் இடம்பெறும் கட்டுரை நடுவர்களின் கடுமையான தேர்வைத் தாண்டியாக வேண்டும். பயிலரங்கின் போக்கு வேறு. ஒரு பொருளில் ஈடுபாடுள்ள சிலர் முன்மொழிவு அனுப்புவர். அது ஏற்கப்பட்டால் பேச்சாளர்களை அவர்களே அழைப்பர். முறையான தொகுப்பு பொதுவாக வெளிவருவதில்லை. அதனாலேயே அரைகுறையாக நிற்கும் எண்ணத்தையும் தீராத கணக்கையும் தயங்காமல் முன்வைக்க முடிகிறது. தரவின் வடிவத்தை ஆராயும் இடவியல்வழித் தரவு ஆய்வு போன்ற அண்டைத் துறையினரும் வந்து கலக்கின்றனர். பயிலரங்குகளின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கும் அண்மையில் முனைவர் பட்டம் பெற்றோருக்கும் இவ்வாரத்தில் இளம் ஆய்வாளர் அரங்கு தனியே உண்டு. 2020இல் சூரிச்சில் கூடவேண்டிய வாரம் பெருந்தொற்றால் இணையவழியில் நடந்தது.