ராட்டினத்தின் பழி யார் தலையில்?

தீம் பார்க் ஒண்ணு சொதப்பினா முதல் அடி முதலாளிக்குத்தான். "அந்தாளு காசு பார்க்க ஆரம்பிச்சான், எல்லாம் போச்சு"ன்னு ஒரே வரியில தீர்ப்பு எழுதிடுவோம். அது எவ்வளவு தூரம் சரி? கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோம், வாங்க.

முதல்ல நம்ம பேட்டை. அடையாறு, மத்திய கைலாஷ் தாண்டினா தரமணி. 1994-ல் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது அங்கே ஜெ.ஜெ. ஃபிலிம் சிட்டியை அரசே தொடங்கியது. ஷூட்டிங்கும் நடக்கும், டிக்கெட் வாங்கி ஜனங்களும் சுற்றிப் பார்க்கலாம். 1996-ல் ஆட்சி மாறியது. பிறகு பெயரும் எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டி என்றானது. அதே 1996-ல் ஹைதராபாத் பக்கம் ராமோஜி ராவ் தன் ஃபிலிம் சிட்டியைத் தொடங்கினார். அது உலகத்தின் மிகப் பெரிய ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸில் ஏறியது. தரமணிக்கு 2000-ல் டைடல் பார்க் வந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் போய், கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய கூட்டம் வந்தது.

இதுல யாரைத் திட்டுறது? அரசு நடத்துற இடத்துக்கு முதல்வர்தான் தலைமை அதிகாரின்னு வெச்சுக்கிட்டா, அந்த நாற்காலி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்டம் காணும். ராமோஜி ராவ் 2024-ல் மறையும் வரை அங்கே பேச்சு ஒருத்தர் பேச்சுதான். தப்பு நடந்தாலும் அவரே திருத்தணும். தரமணியில் பழி போய்ச் சேர முகவரியே இல்லை.

இப்ப அமெரிக்கா போவோம். டிஸ்னியின் தலைவராக 1984 முதல் 2005 வரை இருந்த மைக்கேல் ஐஸ்னரை இன்னிக்கும் திட்டுற ரசிகர்கள் உண்டு. ஆனா கதை அவருக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. 1983-ல் டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்தபோது, பழைய நிர்வாகம் பயந்துபோய் சொந்தக் காசு போடலை, ராயல்டி மட்டும் போதும்னு நின்னுடுச்சு. பார்க் சக்கைப்போடு போட்டது, லாபத்தில் பெரும்பங்கு ஜப்பான் கம்பெனிக்கு. அந்தச் சூடு மனசில் இருந்ததால் பாரிஸில் ஹோட்டல்களையும் தாங்களே வரிசையாகக் கட்டினார்கள். 1992-ல் திறந்தார்கள். அறைகள் எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. 1994-ல் கடனையே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. பழைய தப்பைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கம் விழுந்த கதை. இதில் ஐஸ்னருக்குப் பங்கு உண்டு, கடன் கொடுத்த வங்கிகளுக்கும் உண்டு.

அதே 1994-ல் அவருக்குச் சமமாக நின்று கணக்குப் பார்த்த ஃபிராங்க் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். 2001-ல் டிஸ்னிலேண்டின் பழைய கார் நிறுத்துமிடத்தில் கலிஃபோர்னியா அட்வென்ச்சர் வந்தது. சிக்கனமாகக் கட்டினார்கள், கூட்டம் வரலை. பிறகு வந்த பாப் ஐகர் காலத்தில் 2007-ல் அறிவித்து, 100 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2012-க்குள் சரி செய்தார்கள். ஆக, ரசனைத் தப்பைப் பணத்தால் சரிக்கட்டலாம்.

சரிக்கட்ட முடியாத தப்பு வேற. 2003-ல் டிஸ்னிலேண்டில் ஒரு ரோலர் கோஸ்டர் தடம் புரண்டு இளைஞர் ஒருவர் இறந்தார். விசாரணையில் பராமரிப்புக் குறைபாடுன்னு வந்தது. ஐஸ்னர் ஸ்பேனர் பிடிக்கிறவர் இல்லை. ஆனா ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு எவ்வளவு ஆள், எவ்வளவு நேரம்னு முடிவு பண்றது மேல்மாடிதானே?

நம்ம ஊர்லயும் இதே கேள்விதான். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்து இந்தியாவுக்கு முப்பரிமாணப் படம் காட்டிய நவோதயா அப்பச்சன், 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் திறந்தார். மாம்பலம், மயிலாப்பூர் பசங்களுக்கெல்லாம் அது கனவு தேசம். 2012-ல் அவர் காலமானார். 2016 மே மாதம் அங்கே ஒரு ராட்டினத்தில் ஊழியர்களையே ஏற்றிச் சோதனை ஓட்டம் பார்த்தபோது விபத்து. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். நாலு வருஷம் முன்னாடி போய்ச் சேர்ந்தவரை இதுக்குத் திட்ட முடியாது. பூந்தமல்லி பக்கம் ஈ.வி.பி.யில் 2012-ல் ராட்டினத்திலிருந்து விழுந்து ஒரு பெண் இறந்தார். அந்த இடம் பிறகு ஷூட்டிங் வளாகமானது. 2020-ல் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூணு பேர் செத்ததும் அங்கேதான். தொழில் மாறியது, நடத்துறவங்க மாறினாங்க, உயிர்ப்பலி மட்டும் நிக்கலை.

என் கணக்கு இதுதான்: பார்க் அழகா இல்லை, கூட்டம் வரலைன்னா தலைவருக்குப் பாதிப் பழி போதும். மீதி முன்னவர் விட்டுட்டுப் போனது, கடன் கொடுத்தவர் சொன்னது. ஆனா போல்ட்டு கழன்று உயிர் போச்சுன்னா, பொத்தானை அமுக்கின பையனைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டுக் கதையை முடிக்கக் கூடாது. பராமரிப்புச் செலவுக்குக் கையெழுத்துப் போட்டவர், போட மறுத்தவர், சோதிக்காமலே உரிமம் கொடுத்தவர் எல்லாரும் வரிசையில் நிக்கணும்.

2025 டிசம்பரில் ஓ.எம்.ஆர். பக்கம் வொண்டர்லாவும் திறந்தாச்சு. அங்கேயோ வேற எங்கேயோ குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறவங்க டிக்கெட் விலையை மட்டும் விசாரிக்காதீங்க. இந்த ராட்டினத்தைக் கடைசியா எப்ப சோதிச்சாங்க, யார் கையெழுத்துன்னும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க. முறைப்பாங்க, பரவாயில்லை :-)