அரவான் மணமும் இளையோர் மாயக்கதையும்

குளுவாங், சிகாமட் தோட்டப்புறங்களிலும் ஜொகூர் பாரு பட்டணத்திலும் நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஆங்கில மாயக்கதைகளில், ஆணாய்ப் பிறந்தோர் பெண்ணாய் வாழ்வதும், மங்கை மங்கையையே காதலிப்பதும் வருகின்றன. 'இது மேனாட்டுச் சரக்கு. தமிழர்க்கு ஆகாது' என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். சரக்கு எவ்வூரது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தைப் புரட்டுக. துருபதன் மகள் சிகண்டினி ஆண்மகவென்றே வளர்க்கப்பட்டுத் தசார்ண நாட்டு இளவரசியை மணக்கிறாள். உண்மை வெளிப்பட்டுப் பெண்ணின் தந்தை போருக்கு எழவே, சாகத் துணிந்து காடு புகுந்தவளுக்கு ஸ்தூணன் என்னும் யக்ஷன் தன் ஆண்மையைக் கடனாக ஈந்து, அவள் பெண்மையைத் தான் ஏற்கிறான். குபேரன் சாபத்தால் அக்கடன் சிகண்டியின் ஆயுள்வரை நீண்டது! இக்காலப் புத்தகக் கடையில் இக்கதை இளையோர் மாயக்கதையென்றே விலையாகும்.

அரவான் கதையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. வடமொழிப் பாரதத்தில், அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அவன் எட்டாம் நாட் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகிறான், அவ்வளவே. அவனைக் களப்பலியாக்கியது தமிழ்ப் பாரதம். 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அது காணப்படுகிறது. மணமின்றிச் சாகேன் என்று அவன் வேண்டியதும், மறுநாள் சாவானுக்குப் பெண் கொடுப்பாரின்மையால் கண்ணனே மோகினியாகி மாலையிட்டதும் கூத்துக் களத்திலும் சிற்றூர்க் கோயிலிலும் பாமர மக்கள் வளர்த்தவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கையர் கூடி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வர். நேர்த்திக்கடனாக ஆடவரும் கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் தாலியறுத்து, வளையுடைத்து, வெண்சீலையுடுத்தி ஒப்பாரி வைப்பர்.

ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால், சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் அதே அரவானுக்கு வழிபாடுண்டு. தீமிதிக்குச் செல்லும் நம்மவர் அவனை வணங்கித் திரும்புகின்றனர். திரும்பும் வழியில் ஒரு திருநங்கையைக் கண்டால் வாய்கூசாமல் ஏசுகின்றனரே, அஃது எந்நாட்டுச் சரக்கு?

1871இல் இந்தியாவில் ஆங்கில ஆட்சி இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, அக்காலத்தார் அலிகள் என்றழைத்தோருக்குப் பதிவேடு வகுத்தது. பதியப்பட்டோர் பெண்ணுடையில் தெருவில் தோன்றுவதையும் ஆடுவதையும் தண்டித்தது. மேனாட்டுச் சரக்கைத் தேடுவோர் இதனையும் கணக்கில் எழுதட்டும். மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்க 2014 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் பழங்கதையிலும் குறையுண்டு. அரவானின் இல்வாழ்வு ஓரிரவே. விடிந்தால் அவனுக்கு மரணம், அவளுக்குக் கைம்மை. புதிய மாயக்கதைகள் பலவற்றிலோ காதலர் மறுநாட் காலையும் உயிரோடெழுந்து, சண்டையிட்டு, சமாதானமாகி, அடுத்த பாகத்திற்கும் செல்கின்றனர். பிள்ளைகள் விளக்கணைக்காமல் அவற்றைப் படிப்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.