கல்வராயன் மலைப் பாதைகளும் இருபயன் மோட்டார் சைக்கிளும்

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளை ‘டூயல் ஸ்போர்ட்’ வகை என்பர். தமிழில் இருபயன் மோட்டார் சைக்கிள் எனலாம். பதிவு எண், விளக்கு, கண்ணாடி எல்லாம் கொண்டு சட்டப்படி சாலையில் செல்லும். சாலை முடிந்த இடத்திலும் நின்றுவிடாது. இவ்வகை வண்டிகளில் நெடும்பயணம் செய்வோர் இன்று தேடி வரும் இடங்களுள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையும் ஒன்று. மேகம் அருவி, பெரியார் அருவி ஆகியவற்றோடு மலையின் கரடுமுரடான பாதைகளும் அவர்களை இழுக்கின்றன. அந்தப் பாதைகள் இன்னும் கரடுமுரடாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதையும், அவற்றில் ஏறும் வண்டியின் வரலாற்றையும் இக்கட்டுரை சேர்த்துக் கூறுகிறது.

மலையும் ஜாகீரும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஆங்கிலேயர் கால ஆவணங்களில் ‘கல்ராயன்’ என்று காணப்படும். வடபகுதி சின்னக் கல்வராயன். சராசரி உயரம் ஏறத்தாழ 2700 அடி. தென்பகுதி பெரிய கல்வராயன். இது ஏறத்தாழ 4000 அடி. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் இம்மலையில் தோன்றுகின்றன. மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், கருமந்துறை உள்ளிட்ட மறுபக்கம் சேலம் மாவட்டத்திலும் உள்ளன. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களின் மரபுக்கதை.

மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் வசம் இருந்தது. இந்தியா 1947-ல் விடுதலை பெற்றபோதும், 1950-ல் குடியரசானபோதும் இம்மலையில் வரி வாங்கியவர்கள் ஜாகீர்தார்களே. சென்னை மாநில அரசு 1963-ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டத்தின் வழியாக ஜாகீர்களை எடுத்துக்கொள்ள முனைந்தது. வழக்குகளால் அது இழுபட்டு, 1976-ல்தான் மலை முழுமையாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. ஜாகீர்தார் நிலத்தில் முறைவைத்துக் கூலியில்லாமல் உழைத்ததை மலையின் முதியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

சாலை வரலாற்றைப் புரிந்துகொள்ள 1976 என்ற ஆண்டை நினைவில் வைக்க வேண்டும். சமவெளியில் ஊராட்சி ஒன்றியங்கள் 1960-களிலேயே இணைப்புச் சாலைகளைப் போட்டுக்கொண்டிருந்தன. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணை 1960-களின் நடுவில் எழுந்தது. அணைவரை வந்த லாரி மலைக்கு மேலே போக வழியில்லை. மேலே இருந்தவை ஒற்றையடித் தடங்களே. தினையும் சாமையும் கடுக்காயும் தலைச்சுமையாகவே கீழே இறங்கின. நோயாளிகளைத் தூளி கட்டிச் சுமந்து வந்தார்கள்.

அரசு மலையைக் கையில் எடுத்த நான்கே ஆண்டுகளில், 1980-ல், வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் தேவை என்பது அதன் சாரம். காட்டைக் காத்ததில் அச்சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்பே சாலை பெற்றுவிட்ட ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் இடையே அது ஒரு கோடு கிழித்துவிட்டது. ஏற்காட்டுக்கு ஆங்கிலேயர் காலத்திலேயே சாலை இருந்தது, காப்பித் தோட்டங்கள் இருந்ததால். கல்வராயன் மலைக்கு அப்படி ஒரு தோட்ட முதலாளியும் வரவில்லை. காப்புக்காட்டின் ஊடே ஒரு கிலோமீட்டர் சாலை போடவும் கோப்பு பல மேசைகளைத் தாண்ட வேண்டியதாயிற்று.

இந்த முடிச்சைச் சற்றுத் தளர்த்தியது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் 3(2) பிரிவின்படி, சாலை, பள்ளி, குடிநீர் முதலிய 13 வகைப் பொதுப்பணிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை எடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. மலைவாழ் மாணவர்கள் பாடநூலுக்கு வெளியே தெரிந்திருக்க வேண்டிய பிரிவு இது.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

இனி வண்டியின் கதை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-ல் ‘புல்லட்’ என்ற பெயரை அறிமுகம் செய்தது. பின்சக்கரத்துக்கு ஊசலாடும் சட்டமும் அதிர்வு தாங்கிகளும் கொண்ட புதிய புல்லட், 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறுநாள் தாங்குதிறன் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இடம்பெற்றது. அது கல்லும் சேறும் நிறைந்த பாதையில் நடக்கும் போட்டி. ஆக, நாம் கல்யாண வீட்டு வாசலில் பார்க்கும் புல்லட்டின் முன்னோர் மண்பாதையில் தேர்வு எழுதித் தேறியவர்.

எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய அரசு, 1950-களில் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. முதலில் கேட்கப்பட்டவை 800 வண்டிகள். இதற்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை அமைந்தது. தொடக்கத்தில் உதிரி பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே தயாராயின. தாய் நிறுவனம் 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1994-ல் ஐஷர் நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் வந்தன.

புல்லட் இருபயன் வண்டியா என்று கேட்டால், வடிவமைப்பின்படி இல்லை என்பதே விடை. ஆனால் பல ஆண்டுகள் அந்த வேலையையும் அதுவே செய்தது. லடாக் 1974-ல் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்ட பிறகு, எல்லைச் சாலை அமைப்பு போட்ட பாதைகளில் இளைஞர்கள் புல்லட்டில்தான் ஏறினார்கள். உலக அளவிலும் இப்படித்தான். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் 1932-ல் டக்ளஸ் வண்டியில் புறப்பட்டு இந்தியா வழியாக உலகைச் சுற்றினார். டெட் சைமன் 1973-ல் கிளம்பி நான்காண்டுகள் சுற்றியது சாதாரண ட்ரையம்ஃப் சாலை வண்டியில்.

தனி வகை உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1968-ல் வெளியிட்ட 250 சி.சி. டிடி-1 இதன் முன்னோடி. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 1980-ல் கொண்டுவந்த ஆர்80 ஜி/எஸ், பெரிய எஞ்சினையும் நெடும்பயணத்தையும் இதில் சேர்த்தது. 1978 டிசம்பரில் பாரிஸில் தொடங்கிய முதல் டக்கார் பந்தயம் இவ்வகைக்கு உலகப் புகழ் தந்தது. 2015-ல் அப்பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ்.

இமாலயன்

இந்தியாவில் ஹீரோ நிறுவனம் 2011-ல் 150 சி.சி. இம்பல்ஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அது அதிகம் விற்கவில்லை. ராயல் என்ஃபீல்டின் இமாலயன் 2016-ல் வந்த பிறகே இவ்வகை பரவலாக அறியப்பட்டது. 411 சி.சி. எஞ்சின், ஆற்றல் ஏறத்தாழ 24.5 குதிரைத்திறன். வேகத்துக்குப் பெயர்போன எண் அல்ல இது. அதன் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரியது? சிறிய சக்கரம் பள்ளத்தில் விழும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தின் மேல் உருண்டு போய்விடும். இமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம் இருப்பது இதே காரணத்தால். தரைக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு, பாறை இடிக்காது. முன்பக்கத் தாங்கி 200 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும். சக்கரத்தில் கம்பிகள் இருப்பதால் அடிபட்டால் வளையுமே தவிர எளிதில் உடையாது. கம்பியை முறுக்கி நேர்செய்துகொள்ளலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. கம்பிச் சக்கரத்துக்குள் டியூப் வேண்டும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். மலைக்கு வருவோர் மாற்று டியூப்பும் டயர் நெம்பியும் காற்றடிக்கும் பம்பும் எடுத்து வருவது இதனால்தான்.

2019-ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. எடையும் விலையும் குறைவு என்பதால் மாணவப் பருவத்தினரும் இந்தப் பக்கம் திரும்பினர். 2023-ல் இமாலயன் 452 சி.சி. எஞ்சினும் திரவக் குளிர்விப்பும் பெற்றது.

மலையில் உண்மையில் ஓடும் வண்டி

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மலைச்சந்தைக்குப் போய் நின்று எண்ணிப் பார்த்தால் இமாலயனைவிட மொபெட்டுகளே அதிகம். ஓசூரில் 1980-ல் பிறந்த டி.வி.எஸ். 50-ம் அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டியுமே மலைமக்களின் இருபயன் வாகனங்கள். எடை குறைவு, சேற்றில் சிக்கினால் இருவர் தூக்கிவிடலாம். முன்னால் கால் வைக்கும் இடத்தில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை, பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை. 21 அங்குலச் சக்கரம் இல்லாமலேயே அது ஏறுகிறது. பழகிய கையும் பழகிய பாதையும் செய்யும் வேலை அது. வண்டி வடிவமைப்பு நூல்களில் இதற்கு ஓர் அத்தியாயம் இருந்திருக்கலாம்.

பாதையும் பயணமும்

கள்ளக்குறிச்சி முதலில் தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. சென்னையிலிருந்து வருவோர் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் வரவேண்டும். உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை நான்குவழியாக்கப்பட்டபோது ஊர்களின் புறவழிச்சாலைகள் இருவழியாகவே விடப்பட்டன; எதிரே வரும் வண்டியை எதிர்பாராமல் விபத்துக்குள்ளானவர்கள் பலர். மலைப்பாதையில் காட்டும் எச்சரிக்கையை முதலில் இங்கே காட்ட வேண்டும். பிறகு கச்சிராயபாளையம், கோமுகி அணை, கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றியத் தலைமையிடமான வெள்ளிமலை. அங்கிருந்து மேற்கே கருமந்துறை சென்று சேலம் பக்கம் இறங்கலாம். இந்த முதன்மைச் சாலைக்கு எந்த வண்டியும் போதும். இருபயன் வண்டிக்கு வேலை வருவது குக்கிராமங்களுக்குப் பிரியும் கிளைப்பாதைகளில்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதையடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. வேலையும் மருத்துவமும் சாலையும் பேருந்தும் அங்கே பேசப்பட்டன. ஜாகீர் ஒழிந்து 48 ஆண்டுகளுக்குப் பிறகு.

மண்பாதையெல்லாம் தார்ச்சாலை ஆகிவிட்டால் பயணத்தின் சுவை போய்விடும் என்று வருந்தும் பயணிகள் உண்டு. அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. அவர்கள் இரண்டு நாள் விரும்பி ஏறும் அதே தடத்தில்தான் ஒரு பெண் பிரசவ வலியோடு இறங்க வேண்டியிருக்கிறது. கிளைப்பாதையில் செல்வோர் கவனிக்க இன்னும் இரண்டு செய்திகள்: காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈர மண்தடத்தில் பெரிய வண்டிகள் உழுதுவிட்டுப் போகும் பள்ளம், மழை நின்றதும் இறுகி, அடுத்த மழைவரை அப்படியே இருக்கும்; மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் அதில்தான் நடக்கிறார்கள்.