ஓவியத்தில் ஏறிய சாதகக் கட்டம்

சயானிலும் மாதுங்காவிலும் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பெட்டியின் அடியில் மஞ்சள் தடவிய சாதகக் குறிப்பு ஒன்று இருக்கும். பன்னிரண்டு கட்டங்கள், சில எழுத்துகள், சில எண்கள். திருமணப் பேச்சு வந்தால் எடுப்போம். பின்னர் மடித்து வைப்போம். அக்கட்டத்தைச் சித்திரத்தில் ஏற்றிய ஓவியர் ஒருவரின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

கே. சி. எஸ். பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர், தாய்மொழி மலையாளம். சென்னைக் கலைப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்று, 1957-இல் அப்பள்ளியின் முதல்வராகவே அமர்ந்தார். முதலில் அவர் தீட்டியவற்றில் வான்கோ முதலிய ஐரோப்பியரின் சாயல் மிகுதி. 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். பிறர் வீட்டில் நிற்கும்போதுதான் தம் வீட்டுப் பொருள் நினைவுக்கு வரும் போலும். நமக்கென்று உள்ளது யாது என்னும் வினா அவரை விடவில்லை.

1963-இல் விடை கிடைத்தது. கிடைத்த இடந்தான் வியப்பு! கணிதம் பயிலும் மாணவன் ஒருவனின் கணக்குத் தாள் அவர் கண்ணிற்பட்டது. எண்களும் ரோமன் எழுத்துகளும் வரைவுகளும் நெருங்கி நின்ற அத்தாளில் ஒரு புதிய ஓவியமொழி இருக்கக் கண்டார். பின்னர் ரோமன் எழுத்து நின்ற இடத்தில் மலையாள எழுத்தின் வடிவம் வந்தது. சாதகக் கட்டமும் சோதிடக் குறிகளும் வந்தன. 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை இவ்வாறு பிறந்தது. ஒன்றைக் கூர்ந்து நோக்குக: அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள் கொள்ள இயலாது. இளமையில் கண்ட ஏட்டின் தோற்றமாகவே அவை நிற்கின்றன.

அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில், நைஜீரியாவிலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது. அங்குள்ள யொரூபா மக்கள் பழமொழியைச் சொல்லின் குதிரை என்பர். சொல் தொலைந்தால் அதன்மீது ஏறித் தேடலாமாம்! ஒஷோக்போ நகரில் உல்லி பையரும் ஜார்ஜினா பையரும் நடத்திய பட்டறைகளில், கலைப்பள்ளியில் பயிலாத இளைஞர் தம் குலக்கதைகளை வரைந்தனர். அவர்களுள் ஒருவர் 'ட்வின்ஸ் செவன் செவன்'. ஏழு முறை பிறந்த இரட்டையருள் எஞ்சியவர் தாமே என்பது அவர் கூற்று. அவ்விளைஞர்க்கு மரபு கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. பணிக்கரோ கற்ற பலவற்றை ஒதுக்கிய பின்னரே அதனை அடைந்தார். இவ்வுழைப்பே அருமையானது என்பது என் எண்ணம்.

1966-இல் பணிக்கரும் தோழர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைக் கிராமத்தை நிறுவினர். பத்திக் துணி முதலிய கைவினைகளை விற்ற பொருள் அதற்கு உதவிற்று. பின்னர் அங்குக் குடியேறிய சுல்தான் அலி, 1920-இல் இப்பம்பாயிலேயே பிறந்தவர். பழங்குடியினர் கதைகளில் வரும் காளையையும் நாகத்தையும் தீட்டி, இடையே எழுத்துகளையும் பொறித்தார்.

இந்நகரில் தேவநாகரியும் ஆங்கிலமும் மட்டும் கற்று வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழெழுத்து இன்று வெறும் வடிவமே. பணிக்கர் பொருளை அறிந்தே நீக்கினார். நம் பிள்ளைகளோ பொருளை அறியாமலே வடிவத்தைக் காண்கின்றனர். இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது. ஆயினும் வடிவத்தின்பால் உண்டாகும் விருப்பம் எழுத்தைக் கற்கும் ஆசையாகவும் மாறக்கூடும். விடுமுறையில் ஊர் செல்வோர் பிள்ளைகளை ஈஞ்சம்பாக்கத்திற்கும் அழைத்துச் செல்லலாம். சென்னை ஓவியர்களின் படைப்புகளை அங்குக் காணலாம். கேரளம் வழியே செல்வோர்க்குத் திருவனந்தபுரத்தில் பணிக்கரின் பெயரிலேயே ஓவியக்கூடம் உண்டு.