விண்கலக் காட்சி மாதிரிகள்: இனங்காணலும் செப்பனிடலும்

விண்கலக் காட்சி மாதிரி என்பது, விண்கலங்களை நிர்மாணித்த நிறுவனங்கள் தம் திட்டங்களை அரசாங்க அதிகாரிகளுக்கும் பத்திரிகையாளருக்கும் விளக்கும் பொருட்டுச் செய்வித்து, பெரும்பாலும் பெயர்த்தகடு பொருந்திய பீடத்தில் நிறுத்தி வழங்கிய சிற்றுருவமாகும். அமெரிக்காவில் 1950களிலும் 1960களிலும் இவை மிகுதியாகத் தோன்றின. ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரின் டாப்பிங் நிறுவனம் இத்தொழிலில் பெயர் பெற்றது.

ஒரு மாதிரியின் காலத்தை நிர்ணயிக்க, அது உண்மையில் பறந்த கலத்தினின்று எவ்விடத்தில் மாறுபடுகிறது என்பதே தலையாய சாட்சியாகும். 1962 நவம்பரில் நிர்மாணப் பொறுப்பு கிரம்மன் நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்பட்ட அப்பல்லோ சந்திரக்கலம், ஐந்து கால்களும், பெரிய வளைந்த சாளரங்களும், விண்வெளி வீரர் அமர ஆசனங்களும், முன்புறத்தில் வட்டமான வாயிலும் உடையதாய் முதலில் கற்பனை செய்யப்பெற்று, எடையைக் குறைக்கும் அவசியத்தால் சாளரங்கள் சிறு முக்கோணங்களாகச் சுருங்க, ஆசனங்கள் அகற்றப்பட, கால்கள் நான்காகி, வாயிலோ முதுகுப்பை அணிந்த வீரர் நுழைய ஏதுவாகச் சதுரமானது. ஆதலின் வட்ட வாயிலுடன் கிடைக்கும் மாதிரி செய்தவனின் பிழையன்று. பொறியியலாளர் மனம் மாறுமுன் எழுதிய சாசனம். பீடத்தில் சந்திரக்கலத்தின் முதற் சுருக்கப்பெயரான 'எல்.இ.எம்.' என்றிருப்பின் அது பெரும்பாலும் 1966க்கு முற்பட்டதாகும். அவ்வாண்டில்தான் பெயர் 'எல்.எம்.' எனச் சுருங்கியது. விண்கலங்களை நிர்மாணித்த நிறுவனங்களின் பெயர்களும் இவ்வாறே உதவும்: நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் 1967இல் நார்த் அமெரிக்கன் ராக்வெல் ஆயிற்று, மெக்டானல் அதே ஆண்டில் டக்ளஸுடன் இணைந்தது. விண்வெளி ஓடத்தின் புறத்தொட்டி வெள்ளையாயிருப்பின், 1981இல் நிகழ்ந்த முதலிரு பயணங்களின் தோற்றத்தை அது காட்டுகிறது. அடுத்ததிலிருந்து வர்ணம் பூசுவதே கைவிடப்பட்டது. பெயர்த்தகட்டை மட்டும் நம்புவது ஆபத்து, பீடங்கள் எளிதில் மாற்றப்படுவன.

செப்பனிடுவோர் பலர் செய்யும் அபசாரம், சாம்பல் நிறப் பழைய சந்திரக்கல மாதிரிக்குப் பறந்த கலம்போலப் பொன்னிறத் தகடு சுற்றி, 'திருத்தி' விடுவதாகும். அக்கணமே அதன் காலச் சான்று அழிகிறது. முதலில் எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மென்தூரிகையால் தூசு நீக்கி, வாலை நீரில் நனைத்த பஞ்சால் ஒட்டுச்சித்திரங்களைத் தவிர்த்துத் துடைத்தல் வேண்டும். அசிட்டோனும் பெயின்ட் தின்னரும் அக்காலப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். உடனடிப் பசையோ வெண்படலம் விடும். செல்லுலோஸ் அசிட்டேட்டாலான மாதிரி, நாளடைவில் நெளிந்து காடிமணம் வீசத் தொடங்குமாயின், அந்நலிவு நிறுத்தற்கரியது. ஏனையவற்றினின்று பிரித்துக் காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. ஒடிந்த கால்களுக்கும் தொலைந்த ஆண்டெனாக்களுக்கும் மாற்று செய்யும்போது, பின்னாளில் பிரித்தெடுக்கத்தக்க பசையால் ஒட்டி, புதிய உறுப்பின் கண்மறைவான பக்கத்தில் செய்த ஆண்டைப் பொறித்து வைத்தல் முறை.