சூப்பர்வைசரின் சட்டைப்பைக்குள் வந்த அட்டை

ராஜபாளையத்தில் மில் சங்கதி மில்லுக்குள் அறிவிப்பாக வருவதற்கு முன்பே பஸ்ஸில் பேச்சாக வந்துவிடும். பஞ்சு விலை ஏறினாலும் நூல் தேங்கினாலும், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், சேத்தூர் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள் வழியிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். ரிங் பிரேம் நூற்பு இயந்திரங்களுக்கு நடுவில் நிற்கும் சைடர், சூப்பர்வைசரைக் கண்டதும் கேட்பார்: “சார், அடுத்த மாசம் முழு நைட் ஓடுமா?” சூப்பர்வைசருக்குத் தெரியாது. மேனேஜருக்குப் பாதி தெரியும். அந்தப் பாதியைச் சொல்லலாமா என்பது தெரியாது.

இந்த இடத்தில் மேலே இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்று உணர்வு நுண்ணறிவு என்று பெயர். பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் 1990-ல் ஆய்வுக்கட்டுரையாக எழுதியதை, 1995-ல் டேனியல் கோல்மனின் புத்தகம் உலகமெங்கும் கொண்டுபோனது. ஆனால் அதைச் சூப்பர்வைசர்களுக்குக் கற்றுத்தரும் வழி அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன அட்டையாக. அந்த அட்டையின் வேர் இருப்பது ஒரு நூற்பாலையில். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து நூலை நம்பி வாழும் ஊர், இந்தக் கதையைத் தன் கதையாகவே கேட்கலாம்.

1923. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு நூற்பாலை. அதில் மியூல் எனப்படும் பழைய நூற்பு இயந்திரங்கள் ஓடிய பிரிவில் மட்டும் ஆள் நிற்கவில்லை. மற்றப் பிரிவுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்றால், அங்கே நூற்றுக்கு 250. அதாவது நூறு இடங்களுக்கு ஒரே ஆண்டில் இருநூற்றைம்பது பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நிபுணர்களை அழைத்து ஊக்கத்தொகைத் திட்டங்கள் போட்டுப் பார்த்தார்கள். அந்தத் தொகையை எட்டிப்பிடித்தவர் ஒருவருமில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த எல்டன் மேயோ என்ற ஆய்வாளரைக் கூப்பிட்டார்கள்.

அங்கே பீசர்களின் வேலை, அறுந்த நூலை இணைத்துக்கொண்டு நாள் முழுவதும் இயந்திர வரிசையோரம் நடப்பது. நம் சைடர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறைக்குள் ஆட்கள் இருந்தும் ஒவ்வொருவரும் தனி ஆள். சத்தத்தில் பேச முடியாது. கால்வலி, உடம்புவலி, மனம் சோர்ந்து கசந்த நினைப்புகள். மேயோ ஓய்வு இடைவேளைகளை ஏற்படுத்தினார்: பத்துப் பத்து நிமிடம், படுக்க வசதியோடு. முதலில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான் அது கிடைத்தது. ஆனால் ஓய்வு கிடைக்காத மற்றவர்களின் வேலையும் முன்னேறியது. ஊக்கத்தொகையை முதல்முறையாக எட்டினார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆர்டர் குவிந்த அவசரத்தில் ஒரு மேற்பார்வையாளர் இடைவேளைகளை நிறுத்திவிட்டார். சில நாளில் உற்பத்தி சரிந்தது, பழைய கசப்பு திரும்பியது. அப்போது ஆலைத் தலைவர் தலையிட்டார். அவர் முதல் உலகப்போரில் படை அதிகாரியாக இருந்தவர். தொழிலாளிகளில் சிலர் அவர் கீழே போரிட்டவர்கள். அவர் இயந்திரங்களையே நிறுத்தி எல்லோருக்கும் ஓய்வு கொடுக்கச் சொன்னார். இழந்த நேரத்தை ஈடுகட்டவே முடியாது என்றார்கள் போர்மேன்கள். ஈடுகட்டியதோடு நிற்காமல் உற்பத்தி கூடவும் செய்தது. பிறகு யார் எப்போது ஓய்வெடுப்பது என்பதைத் தொழிலாளிகளே பேசி முடிவு செய்யவும் விட்டார். வேலையை விட்டுப் போவோர் கணக்கு மற்றப் பிரிவுகளின் அளவுக்கு இறங்கியது.

களைப்புத் தீர்ந்ததுதான் காரணம் என்று மேயோ அன்று எழுதினார். இருபது ஆண்டு கழித்து, 1945-ல், அவரே அந்த விளக்கத்தைத் திருத்தினார். ஆட்களின் பேச்சைக் கேட்க ஒருவர் இருந்தது, நெருக்கடியில் தலைவர் தங்கள் பக்கம் நின்றது, முடிவில் தங்களுக்கும் பங்கு கிடைத்தது, இவை சேர்ந்துதான் தனித்தனி ஆட்களை ஒரு குழுவாக்கின என்றார். கண்ணெதிரே நடந்ததைப் புரிந்துகொள்ள அறிஞருக்கே இருபது ஆண்டு பிடித்திருக்கிறது. ஆட்களோடு பழகுவது பிறவிக் குணம், சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதை நான் நம்பவில்லை. நூலைச் சேதமில்லாமல் இணைப்பதைப் போல இதுவும் கைப்பழக்கம்.

மேயோவின் பெயரோடு இணைந்த அடுத்த இடம் சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் பெரிய டெலிபோன் கருவித் தொழிற்சாலை. அங்கே 1928-லிருந்து 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேட்டி கண்டார்கள். முதலில் கேள்விப்பட்டியல் வைத்துக்கொண்டு கேட்டார்கள். வந்தவர்களோ கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டுக்கு வேறு எதையோ பேசினார்கள். ஆகவே பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேசுகிறவர் போகிற வழியில் போக விட்டார்கள். அரைமணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமாக நீண்டது.

அங்கே ஒரு பெண் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி நெடுநேரம் குறை சொன்னார். சில நாள் கழித்துப் பேட்டி கண்டவரைப் பார்த்தபோது, நிர்வாகத்திடம் சொல்லி இவ்வளவு சீக்கிரம் சாப்பாட்டைச் சரிசெய்ததற்கு நன்றி சொன்னார். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் செய்திருக்கவில்லை.

மேலாண்மை வகுப்புகளில் இதைக் கேட்பதன் மகிமையாகச் சொல்வார்கள். மகிமைதான். ஆனால் எனக்கு இது அச்சமும் தருகிறது. கேட்டாலே ஆறுதல் கிடைக்கும் என்று கண்டுகொண்ட நிர்வாகம், கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா? கூலிக்கும் போனஸுக்கும் பாதுகாப்புக்கும் பதிலாகக் காது கொடுத்தால் போதும் என்று நினைக்கலாம் அல்லவா? இந்த ஆய்வுகளைப் பின்னாளில் கண்டித்தவர்கள் கேட்டதும் இதைத்தான். ஹாதார்னிலேயே, 1929-ல் தொடங்கிய பெருமந்தம் வந்ததும் ஆட்குறைப்பு வந்தது; ஆய்வாளர்கள் கவனித்துவந்த கடைசித் தொழிலாளர் குழு 1932-ல் வேலையில்லாமல் கலைந்தது. அத்தனை நேரம் பேசவிட்டுக் கேட்ட நிறுவனத்தால் அவர்களை வைத்துக்கொள்ள முடியவில்லை. இதை மறைத்துவிட்டு உணர்வு நுண்ணறிவைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

இனி அட்டை. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை, ஆனால் தொழிற்சாலைகள் ஆயுத உற்பத்திக்குத் திரும்பத் தொடங்கின. அந்த ஆகஸ்டில் தொழிலகப் பயிற்சிக்கென்று ஓர் அரசுத் திட்டம் அமைந்தது. தலைவர் சானிங் டூலி. அவருக்குத் துணை வால்டர் டீட்ஸ். டீட்ஸ் வந்தது வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கிலிருந்து. போர் முற்ற முற்ற, பழகிய ஆட்கள் படைக்குப் போனார்கள். அதுவரை தொழிற்சாலையைப் பார்த்திராத பெண்கள் உள்ளே வந்தார்கள். நேற்றைய தொழிலாளி இன்று போர்மேன் ஆனார். இந்தப் புதுப் போர்மேன்களுக்கு இயந்திரம் தெரியும், ஆளை நடத்தத் தெரியாது. அவர்களுக்காக மூன்று பயிற்சிகள் உருவாயின. ஒன்று ஆட்களோடு உறவு பற்றியது. வகுப்பு முடிந்தால் கையில் ஓர் அட்டை.

அட்டையின் ஒரு பக்கம் அன்றாடம் செய்ய வேண்டியவை நான்கு. வேலை எப்படிப் போகிறது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடு. நன்றாகச் செய்தால் உடனே பாராட்டு. அவர்களைப் பாதிக்கும் மாற்றம் வருகிறதென்றால் முன்கூட்டியே சொல், முடிந்தால் காரணத்தோடு. ஒவ்வொருவர் திறமைக்கும் ஏற்ற வேலை கொடு. மறுபக்கம், பிரச்சினை வந்தபின் செய்ய வேண்டியவை: உண்மைகளைத் திரட்டு, சீர்தூக்கி முடிவெடு, செயல்படு, பலித்ததா என்று திரும்பிப் பார்.

மிக எளிமையாகத் தெரிகிறது. ஆனால் உண்மைகளைத் திரட்டு என்பதன் கீழே ஒரு வரி இருக்கிறது: சம்பந்தப்பட்டவரோடு பேசி அவர் கருத்தையும் உணர்வையும் தெரிந்துகொள். அவரது கோபமும் பயமும் ஸ்பிண்டில் எண்ணிக்கையைப் போல, கணக்கில் சேர்க்க வேண்டிய உண்மைகள். அதுவரை எந்தத் தொழிற்சாலை விதியும் போர்மேனிடம் இப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. திருக்குறள் குறிப்பறிதலை அமைச்சியலில் வைத்திருக்கிறது. மன்னன் மனதை முகம் பார்த்து அறிவது கீழே இருப்பவரின் கடமை. தொழிலாளி என்றைக்கும் சூப்பர்வைசர் முகத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்த அட்டை பார்வையை மேலிருந்து கீழே திருப்பியது.

1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்கா திட்டத்தை மூடிவிட்டது. அதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் 17 லட்சத்துக்கும் மேலான சான்றிதழ்கள் கொடுத்து முடித்திருந்தார்கள். அது தொடர்ந்து வாழ்ந்தது ஜப்பானில். டொயோட்டா அதை 1950-களில் எடுத்துக்கொண்டது. இந்திய ஆலைகளுக்கு அதே பத்தாண்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியே வந்தது.

இங்கேயும் நிலம் தயாராக இருந்தது. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முதல் இயக்குநராக இருந்த அட்டிரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், 1947-லேயே தொடங்கியிருந்தது. நூலின் வலிமையைச் சோதிக்கிற இடத்திலேயே மனித உறவுகளுக்கென்று தனிப் பிரிவு வைத்து, அதற்குக் கமலா சௌத்ரியைத் தலைவராக்கினார்கள். 1953-ல் அதே ஊரின் காலிகோ மில்லில், புதிதாக வந்த தானியங்கித் தறிகள் எதிர்பார்த்த பலன் தரவில்லை. 224 தறிகளுக்கு 29 பேர். ஆளுக்கொரு துண்டு வேலை. லண்டனிலிருந்து வந்த ஆய்வாளர் ஏ.கே. ரைஸ், குறிப்பிட்ட தறிகளை ஒரு சின்னக் குழு முழுப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனையை முன்வைத்தார். குழுக்களைப் பிரித்துக்கொண்டது தொழிலாளிகளே. நமக்குப் பக்கத்தில் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் வந்தது. மில் சூப்பர்வைசர் பயிற்சி அங்கே இன்றும் நடக்கிறது.

இப்போது ராஜபாளையத்துக்கு வருவோம். 2012-ல் மின்வெட்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் கலங்கியது. திருப்பூர் கலங்கினால் நூல் விற்கிறவர்களும் கலங்குவார்கள். இவற்றில் ஒன்றைக்கூட சூப்பர்வைசரால் தடுக்க முடியாது. அவர் கையில் இருப்பது அட்டையின் மூன்றாவது வரி மட்டும்: முன்கூட்டியே சொல்.

பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. உறுதியாகத் தெரியும்வரை வாய் திறக்கக் கூடாது என்று மேலிடம் நினைக்கிறது. அந்த மௌனத்தை டீக்கடை நிரப்புகிறது. பயந்தவர்களில் கைத்தேர்ச்சி உள்ளவர் முதலில் வேறு மில் பார்த்துப் போய்விடுகிறார். கடைசியில் ஷிப்ட் குறையாமலே ஆள் குறைகிறது. “முடிவாகலைப்பா. வெள்ளிக்கிழமை ஆர்டர் நிலவரம் தெரியும், சாயங்காலம் வந்து சொல்றேன்” என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால் அது பொய்யுமில்லை, வெறும் ஆறுதலுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை செய்தி எதுவும் வராவிட்டாலும் அவர் வந்து நிற்க வேண்டும். அங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கு இது இன்னும் அவசியம். ஊருக்குப் பணம் அனுப்புவதா, டிக்கெட் எடுப்பதா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இன்று உணர்வு நுண்ணறிவைக் கற்றுத்தருவதற்கென்று பெரிய ஹோட்டல் அரங்கில், திரையில் படம் ஓட்டி, ஒருநாள் பயிற்சி நடத்துகிறார்கள். அட்டை கொடுத்த அந்த அமெரிக்க வகுப்பில் சொற்பொழிவு கிடையாது. ஏறக்குறைய பத்துப் பேர், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. ஒவ்வொருவரும் தன் பிரிவில் தீராமல் கிடக்கும் ஒரு பிரச்சினையோடு வர வேண்டும். மற்றவர்கள் கேட்டு, நான்கு படியிலும் நடத்திப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தில் எந்த மில்லும் இதை நாளைக்கே தொடங்கலாம். பகல் ஷிப்ட் முடிந்தபின் காலியாகும் கேன்டீன் மேஜை போதும். முதல் நாள் பேசத் தொடங்குகிறவர் சூப்பர்வைசராக இல்லாமல் மேனேஜராக இருந்தால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.